நடுக்கோவிலுக்குப் போனவள்

ஆவுடைத்தாய்க்கு அது நான்காவது பிரசவம். முதல் மூன்றும் தங்கவில்லை. திருநெல்வேலி டவுண் மேலரதவீதியில் இருந்த அந்தச் சைவப் பிள்ளைமார் வீட்டில், ஆஸ்பத்திரி நர்ஸைக் கூப்பிடலாம் என்று பெரியவர்கள் ஒப்புக்கொண்டதே வேறு வழி எதுவும் இல்லாமல் போன பிறகுதான். வந்தவள் பவுலின். முப்பது வயதுக்காரி, ஒடிசலான உடம்பு, கட்டுறுதியான கைகள்.

குழந்தை கால்பக்கமாகத் திரும்பியிருந்தது. பவுலின் அதிகம் பேசாமல் வேலை பார்த்தாள். ஒரே ஒரு தடவை மட்டும், "திசைகாட்டு மாதாவே, கையப் பிடிச்சுக்கோ" என்று வாய்க்குள் சொன்னாள். வலியில் துவண்டு கிடந்த ஆவுடைத்தாயின் காதில் அது விழுந்தது.

"அது யாரு?"

"எங்க ஊரு மாதாம்மா. வடகாயல்ல, ஆறு கடலோட சேருத இடத்துல கோவில் இருக்கு. நீங்க பேசாம மூச்ச நல்லா இழுத்து விடுங்க."

"பிள்ள தங்குச்சுன்னா அவளுக்கு வெள்ளித் தொட்டில் கொண்டுட்டு வாரேன்னு சொல்லு. நீதான் பிள்ளய அவ முன்னால கிடத்தணும். சொல்லுதியா?"

"சொல்லுதேன்" என்றாள் பவுலின்.

பிள்ளை தங்கியது. சிவசண்முகம் என்று பேர் வைத்தார்கள். அவன் எழுந்து நிற்கப் பழகிய வருஷம், அதாவது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றில், ஆவணி மாதம் ஒரு வில்வண்டியில் எல்லோரும் வடகாயலுக்குப் புறப்பட்டார்கள். ஆவுடைத்தாய், அவள் புருஷன் தில்லைநாயகம் பிள்ளை, குழந்தை, பவுலின், வண்டியோட்ட பிச்சைக்கண்ணு. தில்லைநாயகம் பிள்ளை தாலுகா கச்சேரியில் உத்தியோகம் பார்த்தார். நல்ல மனுஷர். யாரும் யாரோடும் சண்டை போடாமல் இருந்தால் போதும் என்று நினைக்கிறவர். மாதா கோவிலுக்குப் போவதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. நேர்ந்துகொண்டதைச் செலுத்தாமல் விட்டால்தான் அவருக்குப் பயம்.

முதல்நாள் ராத்திரி ஸ்ரீவைகுண்டத்தில் அவர்களுடைய சொந்தக்காரர் வீட்டில் தங்கினார்கள். பவுலினுக்கு மாட்டுக்கொட்டகைப் பக்கம் இலை போட்டார்கள். அவளுக்கு அது புதிதில்லை. ஆவுடைத்தாய் தன் தலையணையை எடுத்து வேலைக்காரி கையில் அவளுக்குக் கொடுத்தனுப்பினாள்.

மறுநாள் காலையில் வண்டி வாழைத்தோட்டங்களையும் வயல்களையும் கடந்து பனங்காட்டுக்குள் இறங்கியது. காற்றில் உப்பு மணம் வந்ததும் பவுலின் பேச்சை நிறுத்திவிட்டாள். ஆவுடைத்தாய் கோவிலைப் பற்றி ஏதேதோ கேட்டுக்கொண்டே வந்தாள்.

"உங்க மாதா முகம் எப்படி இருக்கும்? எங்க காந்திமதி அம்மன் மாதிரி சிரிச்ச முகமா?"

"நான் பாத்ததில்லம்மா."

"சொந்த ஊரு மாதாவப் பாத்ததில்லன்னா?"

"தூண் மறைக்கும்" என்றாள் பவுலின்.

சொல்வதற்கு நிறைய இருந்தது. பவுலின் வடகாயலில் சுண்ணாம்புக்காரக் குடும்பத்தில் பிறந்தவள். கரையில் ஒதுங்கும் சிப்பிகளைப் பொறுக்கிச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்குவது அவர்கள் தொழில். ஊருக்குள் தோணி முதலாளிமார் வீடுகள். ஊருக்குக் கிழக்கே சூளைகளும் சுண்ணாம்புக்காரர் குடிசைகளும். கோவிலும் அப்படித்தான் பிரிந்து கிடந்தது. பீடத்துக்கு நேரே இருக்கும் நடுக்கோவில் தோணிக்காரக் குடும்பங்களுக்கு. கிழக்கே ஒட்டிக் கட்டின தாழ்வாரத்துக்குக் கிழக்குக் கை என்று பேர், அது சுண்ணாம்புக்காரர்களுக்கு. இரண்டுக்கும் நடுவில் இடுப்பளவு உயரத்தில் ஒரு மர அளி, தடுப்பு வேலி மாதிரி. கிழக்குக் கையில் எங்கே நின்று பார்த்தாலும் பீடத்தின் ஒரு பாதிதான் தெரியும். மாதா நிற்கிற இடத்தைத் தூண் மறைத்துவிடும்.

வருஷத்துக்கு ஒரு தடவை, திருவிழாவுக்கு முன்னால், சுண்ணாம்புக்கார ஆண்கள் மட்டும் நடுக்கோவிலுக்குள் போவார்கள். சாரங்கட்டி வெள்ளையடிக்க. அப்போது சுண்ணாம்பு தெறிக்காமல் இருக்க மாதாவின் சுரூபத்தைத் துணி போட்டு மூடிவிடுவார்கள். அவளுடைய அப்பா அந்தோணி வாழ்நாள் முழுக்க அந்தக் கோவிலுக்கு வெள்ளையடித்தார். செத்த பிறகு கிழக்குக் கையில் வைத்துத்தான் அவருக்கு மந்திரம் சொன்னார்கள். பத்து வயதில் கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்துக்கென்று ஊரைவிட்டுப் போன பவுலின், அப்பாவின் சாவுக்கு வந்ததோடு சரி.

கோவில் ஆற்றுமுகத்தைப் பார்த்து நின்றது. போர்த்துக்கீசியக் கப்பல்காரர்கள் கட்டினது என்றார்கள். முகப்பு அடுக்கடுக்காக மேலே போய்ச் சிறுத்தது. ஒவ்வொரு அடுக்கின் இரண்டு பக்கமும் பெரிய சங்கைக் குறுக்கே அறுத்து வைத்ததுபோலச் சுதைச் சுருள்கள். உச்சியில் சூரியனுக்கும் சந்திரனுக்கும் மனுஷ முகம் வைத்திருந்தார்கள். கடற்காற்றில் சந்திரனுடைய மூக்கு உதிர்ந்துபோயிருந்தது.

"நம்ம கோபுரத்துல இல்லாத வேலப்பாடா இருக்கே" என்றார் தில்லைநாயகம் பிள்ளை, அண்ணாந்து பார்த்துக்கொண்டே.

அன்றைக்குச் சனிக்கிழமை. காலை பூசைக்கு முன்னால் மாதா மன்றாட்டு நடந்துகொண்டிருந்தது. உள்ளேயிருந்து பெண்களின் குரல் அலை மாதிரி எழுந்து தாழ்ந்தது. வாசலில் ஊர்ப் பெரியவர் பர்னபாஸ் நின்றிருந்தார். தோணி முதலாளி. வெள்ளைக் கோட்டும் தலைப்பாகையும் போட்டு, கோவில் சாவியை இடுப்பில் தொங்கவிட்டிருந்தார். கச்சேரி உத்தியோகஸ்தர் ஒருத்தர் பொருத்தனை செலுத்த வருகிறார் என்று அவருக்கு முன்பே ஆள் விட்டிருந்தார்கள்.

"வாங்க பிள்ளைவாள். வாங்கம்மா. நடுவாசல் வழியாவே வாங்க. உங்கள மாதிரி பெரிய மனுஷாளு பொருத்தனைக்கு வந்தா பீடத்துக் கிராதி வரைக்கும் வரலாம். இங்க ஒரு தடையும் இல்ல."

பிறகு அவர் பார்வை பவுலின் மேல் விழுந்தது. குழந்தை அவள் தோளில் இருந்தது.

"இது யாரு, சுண்ணாம்புக்கார அந்தோணி மவளா? ஏட்டி, ஊர விட்டுப் போனதுல வழி மறந்து போச்சா? பிள்ளய அவாள்ட்ட குடுத்துட்டுக் கிழக்குக் கைக்குப் போ."

ஆவுடைத்தாய்க்குப் புரியவில்லை. "இவ உங்க வேதக்காரிதானே? நாங்கல்லா வேத்து ஆளு."

"வேதம் ஒண்ணுதாம்மா. இடம் வேற" என்றார் பர்னபாஸ். சண்டைக்கு நிற்கிற குரல் இல்லை அது. மழை எந்தப் பக்கம் பெய்யும் என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

ஆவுடைத்தாய் பவுலினைத் திரும்பிப் பார்த்தாள். பவுலின் தரையைப் பார்க்கவில்லை. பர்னபாஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ கையாலதான் பிள்ளயக் கிடத்தணும்னு நேந்திருக்கேன்" என்றாள் ஆவுடைத்தாய்.

தில்லைநாயகம் பிள்ளை முன்னால் வந்தார். இந்த மாதிரி சமயங்களில் அவருக்கு ஏதாவது ஒரு வழி தோன்றாமல் போகாது. கச்சேரியில் அதற்குத்தான் அவருக்கு நல்ல பேர்.

"அண்ணாச்சி, இப்படி வச்சுக்கிடுவோம். இவ உங்க ஊர்க்காரியா வரல. எங்க வீட்டு ஆளா வந்திருக்கா. பிள்ளயத் தூக்குத ஆயா. பிள்ள எங்க போகுதோ அங்க ஆயா வரத்தானே செய்வா?"

பர்னபாஸ் தாடையைத் தடவினார். "உங்க முகத்துக்காகச் செய்யலாம். பிள்ள அவ கையில இருக்குத வரைக்கும் உள்ள நிக்கட்டும். கிடத்தி எடுத்ததும் பிள்ளயோட வெளிய போயிறணும். முழங்கால் போடப்படாது."

"அவ்வளவுதானே. பவுலின், கேட்டுக்கிட்டியா? வா, வா" என்றார் பிள்ளை. விஷயம் முடிந்ததில் அவருக்கு மூச்சு வந்தது.

ஆவுடைத்தாய்கூட ஆறுதலாகச் சிரித்தாள்.

பவுலின் நகரவில்லை. குழந்தை அவள் கழுத்திலிருந்த ஜெபமாலையைப் பிடித்து வாயில் வைத்திருந்தது. அதை மெல்ல விடுவித்தாள். எச்சிலைத் தன் முந்தானையால் துடைத்தாள். பிறகு குழந்தையை ஆவுடைத்தாயிடம் நீட்டினாள்.

"பிள்ளயப் பிடிங்கம்மா."

"ஏன் பவுலின்? அவருதான் சம்மதிச்சிட்டாருல்லா?"

"பிள்ளயச் சாக்கு காட்டி உள்ள போறதுக்கு நான் வரலம்மா. நான் ஞானஸ்நானம் வாங்குனவ. வெறுங்கையோடயே போறேன்."

அவள் நடுவாசல் படியில் ஏறினாள். பர்னபாஸ் தடுக்கக் கையை நீட்டினார். அவள் தன் மேல் பட்டுவிடுவாளோ என்று தானே கையை இழுத்துக்கொண்டார். பவுலின் அவரைக் கடந்து உள்ளே போனாள்.

நடுக்கோவிலில் தோணிக்கார வீட்டுப் பெண்கள் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவள் நடுவே நடந்து போகப் போக, மன்றாட்டு பின்வரிசையிலிருந்து ஒவ்வொரு வரிசையாக நின்றது. முன்னால் நின்று வேண்டுதலைச் சொல்லிக்கொண்டிருந்த கோவில் ஊழியரான கோவில்பிள்ளை கடைசியாகத்தான் கவனித்தார். பதில் சொல்ல ஆளில்லாமல் அவர் குரல் மட்டும் கொஞ்ச நேரம் தனியாகக் கேட்டது.

பவுலின் நிற்காமல் நடந்தாள். இது அவள் எத்தனையோ தடவை மனசுக்குள் நடந்து பார்த்த தூரம். மனசுக்குள் நடந்தபோது இவ்வளவு நீளமாக இருந்ததில்லை. பீடத்துக்கு முன்னால் தடுப்பாக இருந்த கிராதி வரைக்கும் போய் முழங்காலில் நின்றாள். நிமிர்ந்து பார்த்தாள்.

பீடம் முழுக்கப் பொன்பூச்சு. வடம் முறுக்கின மாதிரி முறுக்கிக்கொண்டு எழும் மரத்தூண்கள். அவற்றில் திராட்சைக் கொடி சுற்றியிருந்தது. கொடிகளுக்கிடையே கிளிகள் உட்கார்ந்திருந்தன. நம்ம ஊர்த் தச்சன் எவனோ தன் இஷ்டத்துக்குச் செதுக்கி விட்டிருக்கவேண்டும். கன்னம் உப்பின குழந்தை முகங்கள் சிறகுகளோடு மேலே மிதந்தன. நடுவில் பெரிய சிப்பி மாதிரி குடைந்த மாடம். அதற்குள் மாதா.

சின்ன முகம். தந்தத்தில் செய்தது, பழசாகி மஞ்சளேறிப்போயிருந்தது. இடது கன்னத்தில் மேலிருந்து கீழாக ஒரு கீறல். சிரிப்பும் இல்லை, கண்ணீரும் இல்லை. பிள்ளை பெற்று அதிகநேரம் ஆகாத, கண்ணயர்ந்து தூங்காத ஒரு பொம்பிளையின் முகம் அது. அப்படிப்பட்ட முகங்களைப் பவுலின் தினமும் பார்க்கிறவள். இதைப் போய் இத்தனை வருஷம் நம்மிடமிருந்து மறைத்தார்களே என்று அவளுக்குக் கோபம்தான் வந்தது.

பின்னால் சத்தம் எழுந்தது. பெண்கள் எழுந்து சுவரோரம் ஒதுங்கினார்கள். பர்னபாஸ் வேகமாக வந்து, அவளிடமிருந்து எட்டி நின்றார்.

"எந்திரி. எந்திரிச்சு வெளிய போ."

"பூச முடிஞ்சதும் போறேன்."

"இழுத்து வெளிய போடுங்கடா இவள."

யாரும் முன்னால் வரவில்லை. இழுக்க வேண்டுமென்றால் அவளைத் தொட வேண்டும். இளைஞர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். கோவில்பிள்ளை கையிலிருந்த பிரம்பைப் பார்த்துவிட்டு அதைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

பர்னபாஸ் கிழக்குக் கையைத் திரும்பிப் பார்த்தார். அங்கே அளிக்குப் பின்னால் சுண்ணாம்புக்காரர்கள் நெருக்கியடித்து நின்றார்கள். முன்னால் நின்றவன் தொம்மை, பவுலினுடைய அண்ணன். பக்கத்தில் அவன் பெண்சாதி லூர்து மேரி. தங்கச்சி வரப்போகிறாள் என்று விடியற்காலையிலேயே குளித்துக் காத்திருந்தவர்கள்.

"ஏலே தொம்மை, உன் தங்கச்சிக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு. வந்து இழுத்துட்டுப் போ."

தொம்மை அளியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அங்கனயா மொதலாளி? நான் உள்ள வரலாமா?"

"இழுக்கத்தானலே வரச் சொல்லுதேன். வா."

தொம்மை காலைத் தூக்கி அளியைத் தாண்டினான். சூளை வெப்பத்தில் வெந்து வெளிறிய கைகால்களோடு நடுக்கோவிலுக்குள் நடந்து வந்தான். தங்கச்சி பக்கத்தில் வந்து குனிந்தான்.

"ஏட்டி, வா போவோம். எனக்கும் பிள்ளைக இருக்கு. இவங்க கரையிலதான் நாங்க சிப்பி பொறுக்குதோம். நாளைக்கு நாங்க எங்க போவோம்?"

"தெரியும்ண்ணே."

"தெரிஞ்சா எந்திரி."

"நீ கையப் பிடிச்சு இழுத்தேன்னா நான் வந்துருவேன். உன் கையத் தட்டிவிட மாட்டேன். அதுக்கு முன்னால ஒரு தடவ நிமிந்து பாரு."

தொம்மை நிமிர்ந்தான். வருஷந்தோறும் சாரத்தின் மேல் நின்று, அந்த மாடத்துக்கு ஒரு முழம் பக்கத்தில் சுண்ணாம்பில் மட்டையைத் தோய்த்து அடித்தவன் அவன். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"துணி போடாம இப்பத்தான் பாக்கேன்" என்றான்.

"ஏலே, என்னத்தப் பாத்துட்டு நிக்க? இழு" என்றார் பர்னபாஸ்.

தொம்மை தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினான். தங்கச்சிக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்றான்.

அதற்குப் பிறகு லூர்து மேரி அளியைத் தாண்டினாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. சேலையைக் கொஞ்சம் தூக்கிச் சொருகிக்கொண்டு, சின்னப் பிள்ளையை முதலில் அந்தப் பக்கம் இறக்கிவிட்டு, பிறகு தானும் ஏறி இறங்கினாள். அவளுக்குப் பின்னால் இன்னும் சிலர் வந்தார்கள். பலர் வரவில்லை. வராதவர்களில் சிலர் அழுதார்கள், சிலர் பவுலினைத் திட்டினார்கள்.

பங்குச் சாமியார் அப்போதுதான் பூசை உடுப்போடு வெளியே வந்தார். பிரெஞ்சுக்காரர், தாடி முழுக்க நரைத்தவர். பார்த்ததும் நின்றுவிட்டார். பர்னபாஸ் அவரிடம் போய் ஏதோ சொன்னார். சாமியார் கிராதிக்கு உள்பக்கம் வந்து பவுலினுக்கு எதிரே நின்றார்.

"மகளே, எழுந்திரு. உன் வருத்தம் எனக்குத் தெரியும். ஆனால் கோவிலில் கலகம் கூடாது."

"நான் முழங்கால்லதான் சாமி நிக்கேன். கலகம் பண்ணுதது யாருன்னு நீங்களே பாருங்க."

"எல்லாவற்றுக்கும் ஒரு காலம் வரும். பொறுமையாக இரு."

"எங்க அப்பாவும் பொறுமையாத்தான் சாமி இருந்தாரு. காலம் வரட்டும். வரட்டும், அது வரைக்கும் நான் இங்கன இருக்கேன்."

சாமியார் முகம் சிவந்தது. நடுக்கோவில் காலியாகாமல் பூசை கிடையாது என்று சொன்னார். சொல்லிவிட்டு அவரே அந்த வார்த்தைக்கு வருத்தப்பட்டவர் மாதிரி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு உள்ளே போய்விட்டார். தோணிக்காரக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக வெளியே போயின. கடைசியாகப் போன பர்னபாஸ் சாவிக்கொத்தைக் கையில் எடுத்துக் காட்டினார்.

"பூட்டப் போறேன்."

"எங்கள உள்ள வச்சுத்தான் பூட்டணும்" என்றாள் லூர்து மேரி.

அவர் பூட்டவில்லை. வாசலில் கச்சேரி உத்தியோகஸ்தர் நின்றிருந்தார்.

தில்லைநாயகம் பிள்ளை பெண்சாதியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். "வண்டிக்குப் போவோம் ஆவுடை. இது அவங்க ஊர்ச் சண்ட. தொட்டிலக் கோவில்பிள்ளகிட்ட குடுத்துட்டாப் போதும்."

"அப்படியா நேந்தேன்?" என்று கேட்டாள் ஆவுடைத்தாய்.

அவள் கையை விடுவித்துக்கொண்டு உள்ளே வந்தாள். காலியான நடுக்கோவிலில் அவள் கொலுசுச் சத்தம் வளைவுக் கூரை வரை போய்த் திரும்பியது. பவுலின் பக்கத்தில் போய்க் குழந்தையை நீட்டினாள்.

"இப்பக் கிடத்து."

பவுலின் குழந்தையை வாங்கிக் கிராதிக்கு முன்னால் தரையில் கிடத்தினாள். சிவசண்முகம் உடனே புரண்டு எழுந்து, தொம்மையின் துண்டைப் பிடித்து நின்றான். வெள்ளித் தொட்டிலைக் கிராதியின் மேல் வைத்தார்கள். வாங்க ஆளில்லை. அது அங்கேயே இருந்தது.

சாயங்காலம் வரை பவுலினும் சுண்ணாம்புக்காரர்களும் அங்கே இருந்தார்கள். பூசை நடக்கவில்லை. தாங்களே ஜெபமாலை சொன்னார்கள். வெயில் ஆற்றின் மேல் சாய்ந்ததும் எழுந்து, நடுவாசல் வழியாக வெளியே வந்தார்கள்.

வண்டி வேப்பமரத்தடியில் நின்றது. ஆவுடைத்தாய் பவுலினுக்காகக் காத்திருந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"நீ செஞ்சது சரிதான் பவுலின். என்ன மனுஷங்க இவங்க. சாமி முன்னால போயி இப்படி ஒரு வேத்துமயா? எனக்கு வயிறு எரியுது."

பவுலின் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். முந்தானையால் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நேத்து ராத்திரி ஸ்ரீவைகுண்டத்துல நான் எங்கம்மா சாப்பிட்டேன்?"

கண்ணைத் துடைக்கப் போன கையை ஆவுடைத்தாய் இறக்கினாள்.

"உங்க மேல கோவம் இல்ல. நீங்க தலகாணி குடுத்தீங்க. ஆனா நான் அங்க படுத்திருந்தது மாட்டுக்குப் பக்கத்துல. இங்கன உங்களுக்கு எரியுத வயிறு அங்கன ஏன் எரியல? இன்னைக்குச் சொல்லலைன்னா இனிம எனக்குச் சொல்ல வராது. அதான் சொல்லிட்டேன்."

தில்லைநாயகம் பிள்ளை வண்டிப் பக்கம் திரும்பினார். "பிச்சைக்கண்ணு, மாட்டப் பூட்டு" என்றார். பவுலின் அந்த வண்டியில் திரும்பவில்லை. சில நாள் அண்ணன் வீட்டில் இருந்துவிட்டு, சுண்ணாம்பு ஏற்றின பாரவண்டியில் திருநெல்வேலிக்கு வந்து சேர்ந்தாள்.

பின்னால் நடந்தது நல்லதும் கெட்டதுமாகத்தான் இருந்தது. தோணி முதலாளிமார் கரையில் சிப்பி பொறுக்கக்கூடாது என்று தடுத்தார்கள். சூளைகள் அணைந்தன. தொம்மை குடும்பம் அரைவயிற்றோடு கிடந்தது. அளியைத் தாண்டாதவர்களும் தாண்டினவர்களோடு சேர்ந்து பட்டினி கிடந்தார்கள். அதிலேயே அவர்களுக்குள் இருந்த கசப்பு போய்விட்டது. ஆற்றின் தென்கரைக்குப் போய்ச் சிப்பி எடுத்து வந்து மறுபடி சூளை மூட்டினார்கள். அடுத்த திருவிழாவுக்கு வெள்ளையடிக்கக் கூப்பிட்டபோது ஒருத்தரும் போகவில்லை. "யாரு உள்ள இருந்து கும்பிடுதாகளோ அவுகளே அடிக்கட்டும்" என்று தொம்மை சொல்லியனுப்பினான். கூலிக்கு வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்தார்கள். ஆட்கள் வந்தும் சுண்ணாம்பு கிடைக்கவில்லை. சுற்றுவட்டாரச் சூளைக்காரர் யாரும் கொடுக்கவில்லை. உப்புக்காற்றில் முகப்பு கறுத்து, சுருள்களில் பாசி படிந்தது. பழைய சாமியார் ரிப்பேர் என்று சொல்லிக் கோவிலைப் பூட்டிவிட்டு மாற்றலாகிப் போனார்.

டவுணில் தில்லைநாயகம் பிள்ளை வீட்டில் பவுலின் பேரை எடுக்கக்கூடாது என்று உத்தரவாகியிருந்தது. மறுவருஷம் ஆவுடைத்தாய் மறுபடி உண்டானாள். மாமியார் வேறு மருத்துவச்சியை ஏற்பாடு செய்தாள். வலி கண்ட அன்று ஆவுடைத்தாய் பிச்சைக்கண்ணுவை வண்டி பூட்டச் சொல்லி, யாரிடமும் கேட்காமல், நேரே பவுலின் வேலை பார்க்கும் பெண்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து இறங்கினாள். பொது வார்டில்தான் இடமிருந்தது. ஒரு பக்கத்துக் கட்டிலில் மேலப்பாளையத்து ஷரீபா பீவி. இன்னொரு பக்கம் பேட்டையிலிருந்து வந்த ஒரு தோட்டிச்சி.

"இங்கனயாம்மா படுக்கப் போறீங்க?" என்று கேட்டாள் பவுலின்.

"நீ இருக்குத இடத்துலதான் எனக்குப் பிள்ள பிறக்கும்" என்றாள் ஆவுடைத்தாய். "எங்க வீட்டுல உன்ன உள்ள கூப்பிட எனக்கு ஏலல. மாமியார எதுத்துப் பேசிப் பாத்தேன், தோத்துட்டேன். அதான் நான் இங்க வந்துட்டேன்."

பெண் பிறந்தது. ஷரீபா பீவி வீட்டிலிருந்து வந்த கஞ்சியை மூன்று பேரும் பங்கிட்டுக் குடித்தார்கள் என்று செய்தி மேலரதவீதிக்கு எட்டியது. ஆவுடைத்தாயை வீட்டுக்குள் சேர்க்க ஒரு மாதம் ஆனது, அதுவரை ஆஸ்பத்திரியிலேயே இருந்தாள். தில்லைநாயகம் பிள்ளை அந்த ஒரு மாதமும் தினம் சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றுவிட்டுப் போனார்.

வடகாயலுக்குப் புதுச் சாமியார் வந்தார். சின்ன வயசு, யாழ்ப்பாணத்துத் தமிழர். வந்த உடனே பூட்டைத் திறந்து, கறையான் அரித்துவிட்டது என்று சொல்லி மர அளியைப் பிடுங்கி வெளியே போட்டார். அதில் கறையான் இருந்ததாக யாரும் பார்க்கவில்லை. தோணிக்காரர்களில் பாதிப் பேர் கோவிலுக்கு வருவதை விட்டுவிட்டு, கடற்கரையில் தனியாக ஓலைக்கொட்டகை போட்டு ஜெபம் செய்தார்கள். பர்னபாஸ் அவர்களோடு போனார். கடைசி வரை திரும்பவில்லை. மீதிப்பேர் வந்தார்கள். வந்து, யாரோடும் பேசாமல் ஒதுங்கி நின்றார்கள்.

முதல் பூசைக்குப் பவுலின் லீவு வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். தொம்மை சட்டை போட்டிருந்தான். சுண்ணாம்புக்காரர்கள் உள்ளே வந்து, எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றார்கள். அவ்வளவு இடத்தை அவர்கள் ஒருநாளும் தங்களுக்கென்று கண்டதில்லை. சிலர் பழக்கத்தில் கிழக்குப் பக்கமே போனார்கள்.

லூர்து மேரிதான் முதலில் இடம் பார்த்து உட்கார்ந்தாள். பிரசங்க மேடைக்குக் கீழே, பக்கத்து சன்னலிலிருந்து ஆற்றுக்காற்று வந்துகொண்டிருந்தது.

"நாத்தனாரே, இங்கன வாங்க. காத்து வருது" என்று கூப்பிட்டாள். மடியில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையைத் தரையில் கிடத்தி, அதன் மேல் ஈ மொய்க்காமல் இருக்க முந்தானையால் விசிறத் தொடங்கினாள்.